உப்பு டின்னும் தண்ணீர் வாளியும்

உங்கள் ஆய்வகக் கதவுக்கு இடப்பக்கம் இறுக்கி மூடிய ஒரு பெரிய டின் இருக்கிறது. உள்ளே உப்பு. வலப்பக்கம், நன்றாகத் தள்ளி, ஒரு தண்ணீர் வாளி. இரண்டுக்கும் நடுவே, கதவுக்கு மேல், "முதலில் பார்" என்று ஒரு பலகை. போன வாரம் உங்களில் ஒருவர் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, கேன்டீன் சரக்கு வழி தவறி இங்கே வந்துவிட்டதா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளம். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீயும் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

எழுபதுகளின் கடைசியில் நமக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுக்கு அப்பால் ஒரு மீனவக் குப்பத்தில், ஒரு நிலையம் இருந்தது. நிலையம் என்பது பெரிய வார்த்தை. ஊர்ப் பணத்தில் மீன் வைப்பதற்காகக் கட்டி, இயந்திரம் வந்து சேராமல் கைவிடப்பட்ட ஐஸ் ரூம் அது. ஜன்னல் கிடையாது. தடித்த சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மீனுக்கு உதவாத அந்த இருட்டு எங்களுக்கு நன்றாகவே உதவியது. சுற்றிலும் பனை ஓலை வேய்ந்த வீடுகள். மிக அருகில் இருந்தது கன்னியம்மாவின் கருவாட்டுக் கொட்டகை.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வானத்தில் வெகு உயரத்தில், எரிந்துபோன விண்கற்கள் விட்டுச்செல்லும் சோடியம் மெல்லிய படலமாக நிற்கிறது. சோடியத்தின் மஞ்சளுக்கு இம்மியும் பிசகாத மஞ்சள் ஒளியை லேசரில் உண்டாக்கி மேலே அனுப்பினால், அந்த அணுக்கள் அதே மஞ்சளை நமக்குத் திருப்பித் தரும். நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தரையிலும் கொஞ்சம் சோடியம் ஆவி வேண்டும். அதற்காக ஒரு குழாய் அடுப்பு வைத்திருந்தோம். எஃகுக் குழாய், நடுவில் சோடியம், சுற்றிலும் சூடேற்றும் கம்பி, இரு முனையிலும் கண்ணாடி, அந்த முனைகள் சூடாகாமல் இருக்க அவற்றைச் சுற்றி ஓடும் தண்ணீர். உள்ளே காற்றுக்குப் பதில் ஹீலியம். லேசர் ஒளி உள்ளே போகும்போது குழாய்க்குள் மஞ்சள் கோடு ஒன்று எழுந்து நின்றால், இரவு வேலைக்குத் தயார்.

பகலில் அந்த அடுப்பு என்னுடையது. சூட்டைக் கூட்டினால் சோடியம் அணுக்கள் சில இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறுகளாகும். லேசரின் நிறத்தை மாற்றி அவற்றைத் தூண்டினால், ஒற்றை மஞ்சள் கோட்டுக்குப் பதில் சிவப்பில் சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாகக் கோடுகள் கிடைக்கும். என் ஆய்வேடு அந்தச் சீப்பைப் பற்றியது. பற்களுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்தால் இரண்டு அணுக்களும் எவ்வளவு இறுக்கமாகக் கைகோத்திருக்கின்றன என்று தெரியும். விடுங்கள், இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

உடன் வேலை செய்தவர் ரஹ்மத்துல்லா. பழவேற்காட்டுக்காரர். ஒரு காலத்தில் கப்பல் வியாபாரம் செய்த குடும்பம். கப்பல்கள் போய்ப் பேச்சில் மட்டும் மிஞ்சியிருந்தன. பம்பு, வெற்றிடக் குழாய், மின்சுற்று எதுவானாலும் அவர் கை பட்டால் ஓடும். நிலையம் இருக்கும் வரைதான் அவருக்கு வேலை என்று நியமன உத்தரவிலேயே இருந்தது. அவருடைய வாப்பா படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு ரஹ்மத் பட்டணத்துக்கு வேலை தேடிப் போக முடியாது. ஆகவே ஐஸ் ரூம் மூடப்பட்டால் எனக்குப் போவது ஓர் ஆய்வேடு. அவருக்குப் போவது அடுப்பங்கரை.

மூடப்படும் ஆபத்தும் வந்தது. அந்தக் கோடையில் இறால் சரியாகப் படவில்லை. காரணம் எங்கள் வெளிச்சம் என்று ஊரில் பேச்சு. ஊர்த் தலைவர் தேசப்பன் நேரில் வந்தே சொன்னார்.

"ஆகாசத்த தெனம் ஊசியால குத்திக்கினே கீறீங்க. எறா எப்டி சார் வரும்?"

ஒளி மேலே போகிறது, தண்ணீருக்குள் போகவில்லை என்று நான் விளக்கினேன். படம் போட்டும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும். ஆனா எறா படிக்கலியே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐஸ் ரூம் ஊருக்குச் சொந்தம். எங்களை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவாகும் என்றார்கள்.

கதை நகர்வதற்கு முன் அந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே இடத்தில் வலை கட்ட முடியாது. அதனால் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு போகும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். முறை உள்ள ஒவ்வொரு வீடும் ஒரு தலைக்கட்டு. பாடு பெறும் வீட்டுக்குச் சில கடமைகளும் உண்டு. அதில் முதலாவது, ஊரில் எங்கே புகை எழுந்தாலும் தலைக்கட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வரவேண்டும். நெருப்பு அணைந்த பிறகு காலிக் குடங்களை அம்மன் கோயில் முன்னால் கவிழ்த்து வைப்பார்கள். எந்த வீட்டின் குடம் அங்கே இல்லையோ, அந்த வீட்டுக்கு அடுத்த பாடு கிடையாது. ஓலை வீடுகள் நெருங்கி நிற்கும் ஊருக்கு இதைவிட நல்ல தீயணைப்புப் படை இருக்க முடியாது. சோடியம் வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரனுக்கு இதைவிட ஆபத்தானதும் இருக்க முடியாது. இதை நான் யோசித்திருக்கவேயில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மின்சாரம் போனது. அன்றைக்கு அடிக்கடி போய் வந்துகொண்டிருந்தது. பம்பு நின்றால் முனைகளுக்குத் தண்ணீர் விட மேலே ஒரு பீப்பாய் இருந்தது. முந்தைய தடைகளில் அது தீர்ந்திருந்தது. மின்சாரம் நின்றால் ஆபத்தும் நின்றது என்று நினைத்துவிடாதீர்கள். கம்பி குளிரத் தொடங்கினாலும் குழாய்க்குள் இருந்த சூடு நிதானமாக முனைகளை நோக்கி நடந்து வந்தது. ஒரு முனையின் ரப்பர் வளையம் இளகியது. கண்ணாடி கழன்று கீழே விழுந்தது. காற்று உள்ளே போனது. உள்ளே உருகிக் கிடந்த சோடியம் வழிந்து, காற்று பட்டு, குழாய்க்கு அடியில் இருந்த எஃகுத் தட்டில் மஞ்சளாக எரியத் தொடங்கியது. வெள்ளைப் புகை, தொண்டையை அறுக்கிற புகை, கதவு வழியாக வெளியே போனது. அந்தப் பக்கத்தில் புகை என்றால் என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டேன்.

நான் முதலில் செய்தது ஒன்றும் செய்யாமல் நின்றதுதான். ஈரத் துண்டை மூக்கில் பிடித்துக்கொண்டு, என்ன எரிகிறது, அடுத்து என்ன எரியலாம் என்று மட்டும் பார்த்தேன். எரிவது தட்டில் இருப்பது. அடுத்தது சுவர் அலமாரியில், மண்ணெண்ணெயில் மூழ்கவைத்து மூடியிருந்த சோடியம் டின். தட்டில் எரிவதைப்போலப் பல மடங்கு அதில் இருந்தது. "பாய், அந்த டின்ன எடுத்துக்கினு வெளிய போங்க, தண்ணி இல்லாத எடமா பாத்து நில்லுங்க" என்றேன். ரஹ்மத் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

அடுத்தது மணல். கதவோரம் சிவப்பு வாளியில் உலர்ந்த மணல் வைப்பது விதி. வாளி இருந்தது. மணலும் இருந்தது. அந்த மணலில் காவலாளி ஏழுமலை மிளகாய்ச் செடி வளர்த்திருந்தார். தினமும் காலையில் தவறாமல் தண்ணீர் ஊற்றுவார். செடி செழிப்பாகக் காய்த்திருந்தது. அந்த மிளகாயைப் போட்டு வைத்த இறால் குழம்பை நாங்கள் எல்லாருமே பாராட்டிச் சாப்பிட்டிருந்தோம். வாளியைத் தூக்கினேன், ஈரத்தில் கனத்தது. கீழே வைத்தேன்.

அதற்குள் வாசலில் ஊர் வந்துவிட்டது. முன்னால் தேசப்பன். தோளில் பெரிய அலுமினியக் குடம், விளிம்பு வரை ஏரித் தண்ணீர். பின்னால் வரிசையாகக் குடங்கள். எரியும் சோடியத்தின் மேல் அந்தக் குடம் கவிழ்ந்தால், முதலில் தேசப்பன் முகத்தில் தெறிக்கும். அடுத்துப் பக்கத்துக் கூரைகளில் விழும்.

"தண்ணி ஊத்தாதீங்க" என்று கத்தினேன்.

"இன்னா சார் சொல்றீங்க? எரியுது பாருங்க."

"தண்ணி பட்டா வெடிக்கும்."

"தண்ணி எங்கனா வெடிக்குமா? பொகையில ஒங்களுக்கு தல சுத்துது. தள்ளுங்க சார்."

அவர் என்னை ஒரு கையால் மெதுவாக, அன்பாகவே, ஒதுக்கினார். அந்த ஒரு நொடியில் எனக்கு நினைவு வந்தது இயற்பியல் இல்லை. இந்தத் துறைக்கு வருமுன் ஒரு நாளிதழில் கொஞ்ச காலம் செய்திப் பிரிவில் இருந்தேன். அங்கே என் தலைமை உதவியாசிரியர், தலைப்பில் 'இல்லை', 'கூடாது' வந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். அவசரத்தில் படிப்பவன் நடக்காததைப் படிக்க மாட்டான், என்ன நடந்தது, என்ன செய்யவேண்டும் என்று எழுது என்பார். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அவசர வாசகர்கள். குடம் தூக்கி வந்தவனிடம் ஊற்றாதே என்றால் அவன் அந்தக் குடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? கொண்டுவர வேறு ஏதாவது சொல்லவேண்டும். உலர்ந்த உப்பு சோடியத்தோடு சேராமல் மணலைப் போலவே மூடும், பக்கத்திலேயே கருவாட்டுக் கொட்டகை.

"உப்பு" என்றேன். "தலைவரே, உப்பு வேணும். கொடத்த எறக்கிட்டு ஆளுக்கு ஒரு கூட உப்பு கொண்டாங்க. சீக்கிரம்."

தேசப்பன் நின்றார். அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், கொடத்த கீழ வெய்யி. உப்பு கேக்கறாரு சாரு. கன்னிம்மா, உன் உப்பு."

"எந்த உப்பு?" கன்னியம்மா கேட்டது சரியான கேள்வி. ஈர உப்பு தண்ணீருக்கு அண்ணன்.

"காஞ்சது. வெயில்ல கெடக்கறது."

"தார்ப்பாயோட தூக்குங்கடா" என்றார் கன்னியம்மா.

காலையிலிருந்து வெயிலில் பரப்பியிருந்த கல்லுப்பு, தார்ப்பாயோடு, நாலு பேர் பிடித்து வந்து சேர்ந்தது. அதோடு காய்ந்து விறைத்த நெத்திலிக் கருவாடு ஒரு பங்கும் வந்தது, பிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. நான் முறத்தால் வாங்கி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போட்டேன், மேலிருந்து வீசவில்லை. வீசினால் உருகிய உலோகம் தெறிக்கும். தூளுப்பாக இருந்தால் இன்னும் நன்றாக மூடும். கல்லுப்பைக் குவியலாகவே கொட்டவேண்டியிருந்தது. மஞ்சள் சுருங்கியது, ஆங்காங்கே எட்டிப் பார்த்தது, அடங்கியது. அதன் பிறகு யாரையும் தொட விடவில்லை. மூடியதைக் கிளறிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். உங்களுக்கும் வரும். ஆற விடுங்கள்.

ஒருவருக்கும் காயமில்லை. மேசைக்கால் ஒன்று கருகியது. வறுத்த நெத்திலி வாசனை அந்த அறையை விட்டுப் போக மாதக்கணக்கில் ஆனது. சென்னையிலிருந்து பார்வையிட வந்த ஒரு பேராசிரியர், இங்கே என்ன மூலக்கூறை ஆய்வு செய்கிறீர்கள் என்று மூக்கைச் சுளித்தபடி கேட்டார்.

வெளியே ரஹ்மத் மணல் மேட்டின் மேல் டின்னை அணைத்தபடியே நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள். "உள்ள நகையா பாய்?" என்று ஒருவர் கேட்க, "அதுக்கும் மேலம்மா" என்றிருக்கிறார். ஐஸ் ரூமில் தங்கம் காய்ச்சுகிறார்கள் என்ற செய்தி அன்று மாலைக்குள் மீஞ்சூர் வரை போய்விட்டது.

ஊர்க்கூட்டம் வெள்ளி வரை காத்திருக்கவில்லை. அன்று பொழுது சாயும்போதே கோயில் முன்னால் கூடினார்கள். எங்களை அனுப்பத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்தோம். ரஹ்மத் என்னருகே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வாப்பாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் ஒரு முறை முணுமுணுத்தார்.

ஆனால் கூட்டத்தில் முதலில் எழுந்த பிரச்சினை வேறு. ஓடி வந்த குடங்கள் எல்லாம் நிறைகுடமாகவே திரும்பியிருந்தன. ஊற்றாத குடம் வந்த குடமா, வராத குடமா? சட்டப்படி பார்த்தால் அடுத்த பாடு ஊரில் ஒருவருக்கும் கிடையாது. சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கோபம். வந்தவங்கள வேணான்னு சொன்னது இந்த சாருதானே, அவரே சொல்லட்டும் என்றார் ஒரு முதியவர்.

நான் பேச எழுந்தேன். முன்பு படம் போட்டு விளக்கியது எப்படி முடிந்தது என்று நினைவிருந்ததால் பேசவில்லை. அகலமான ஒரு மண்சட்டியில் ஏரித் தண்ணீர் வைக்கச் சொல்லி, எல்லாரையும் தள்ளி நிற்கச் செய்தேன். ரஹ்மத் டின்னிலிருந்து ஒரு துண்டெடுத்து, அதில் அரிசி மணியளவு நறுக்கி, மண்ணெண்ணெயைத் துடைத்து, நீண்ட இடுக்கியால் சட்டிக்குள் போட்டார். அது தண்ணீரின் மேல் சீறிக்கொண்டு வட்டமடித்து ஓடியது. பிறகு பட்டென்று மஞ்சளாகப் பற்றி, வெடித்து, மறைந்தது.

முன்னால் நின்றவர்கள் இன்னும் ஓரடி பின்னால் போனார்கள்.

"அரிசி அளவுக்கே இந்தக் கூத்தா" என்றார் தேசப்பன். கையால் தன் முகத்தை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். "எங்கொடம் பெருசு வேற."

அதில்தான் கூட்டம் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்குமுன் ஒருவர் இறால் விஷயத்தை எடுத்தார். பதில் சொன்னது நானில்லை, கன்னியம்மா. "இவங்க வெளிச்சத்தால எறா ஓடுதுன்னு சொல்ற. இவங்க வர்றதுக்கு முன்னாடி வருசம் ஓடிச்சே, அது யாரு ஊட்டு வெளிச்சம்? உங்க ஊட்டு அரிக்கேன் வெளக்கா?" அவர் பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார்.

தேசப்பன் சிறிது யோசித்து முடிவைச் சொன்னார். ஓடி வந்த எல்லா வீடும் வந்த வீடுதான். இனி ஐஸ் ரூமில் புகை வந்தால் குடம் வேண்டாம், உப்பு. கன்னியம்மாவின் உப்பை நாங்கள் உப்பாகவே திருப்பித் தரவேண்டும், கருவாட்டையும் சேர்த்து. பிறகு எங்களைப் பார்த்தார்.

"ஊர்ல இருக்கணும்னா ஒரு தலைக்கட்டா இருங்க. எங்க பொக வந்தாலும் ஆள் வரணும். வரலன்னா அடுத்த மொற ஒங்க வெளக்கு எரியக்கூடாது. சம்மதமா?"

ரஹ்மத் தலை நிமிர்ந்தார். "சம்மதம் தலைவரே. அப்டின்னா எங்களுக்கும் பாடு உண்டா?"

"தண்ணியில எடம் கெடையாது பாய். மேல எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்க."

அன்று ரஹ்மத் கடைசித் தோணியைப் பிடிக்க ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஓடினார். வாப்பாவிடம் நல்ல சேதி சொல்ல அவ்வளவு அவசரம்.

மறுநாளே மிளகாய்ச் செடி ஒரு பழைய பானைக்குக் குடிபெயர்ந்தது. மணல் வாளி போய், இறுக்கமான மூடியோடு உப்பு டின் வந்தது. பீப்பாய் இரண்டாயிற்று. நாங்கள் ஒத்திகையும் பார்த்தோம். மணி அடித்தால் ஆளுக்கொரு கூடை உப்போடு எங்கே நிற்பது, யார் டின்னை எடுப்பது, எல்லாம். மாதக்கணக்கில் பழகி, புகை என்ற சொல் காதில் விழுந்தாலே கை உப்புக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்டோம்.

அடுத்த கோடையில் ஒரு பிற்பகல், வெளியே யாரோ "பொக, பொக" என்று கத்தினார்கள். எழுந்தது கன்னியம்மா வீட்டுக் கூரை ஓரத்திலிருந்து. நானும் ரஹ்மத்தும் பறந்தோம். ஊரில் முதலாவதாகப் போய்ச் சேர்ந்தவர்கள் நாங்கள்தான். எங்கள் இருவர் கையிலும் கூடை நிறைய, நன்றாகக் காய்ந்த, சலித்த உப்பு.

கன்னியம்மா எங்களையும் கூடையையும் பார்த்தார். "இன்னா சார், கருவாடு போட வந்தீங்களா?"

பின்னால் வந்த குடங்கள் எங்களைத் தாண்டிப் போய்க் கூரையை நனைத்தன. கூரையில் ஒரு முழத்துக்கு மேல் எரியவில்லை. எல்லாம் முடிந்ததும் குடங்கள் கோயில் முன்னால் கவிழ்ந்தன. எங்கள் குடம் இல்லை. தேசப்பன் வரிசையை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அதை அடக்க அவர் படும் சிரமம் மட்டும் தெரிந்தது.

"ஒங்க சோடியம் இல்ல சார் இது, ஓல. எது எரியுதுன்னு மொதல்ல பாருங்க. அப்பால ஓடுங்க."

பிறகு தீர்ப்பு. சட்டம் எல்லாருக்கும் ஒன்று. எங்களுக்கு ஒரு முறை போயிற்று. அன்று இருட்டிய பிறகு விளக்கு எரியாது.

பொழுது சாய்ந்ததும் ஐஸ் ரூம் வாசலில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்தோம். அந்தப் பருவம் முழுக்க மேகமும் ஈரப் புகைமூட்டமுமாக எங்களைப் படுத்திய வானம், அன்று துடைத்துவைத்த கண்ணாடி போல இருந்தது. ஒரு மேகம் இல்லை. நட்சத்திரங்கள் நடுங்கக்கூட இல்லை. லேசரை நிறத்துக்குச் சரி செய்து வைத்துவிட்டுத்தான் உப்புக் கூடையைத் தூக்கியிருந்தோம்.

ஏரியில் தோணி ஒன்று வலைகளோடு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து தேசப்பன் குரல் வந்தது.

"இன்னா சார், இன்னிக்கி ஆகாசம் எப்டி?"

ரஹ்மத் மேலே பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "ரொம்ப அருமையா கீது தலைவரே."